அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு: எந்தக் கணக்குக்கு, எதைப் பூட்ட?

வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவப் போனால் "அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை" என்று ஒரு பெட்டி எழும்பி நிற்கும். கணினியில் இருப்பதே ஒரு கணக்குதான், அதுவும் அட்மின் கணக்குதான். பிறகு யாரிடம் அனுமதி கேட்கிறது? இன்னொரு பக்கம், பாஸ்வேர்டு போட்டு வைத்தவருக்கு வேறு சந்தேகம்: இனி என் கோப்புகளை யாரும் எடுக்க முடியாதுதானே? பெரும்பாலும் எடுக்க முடியும். இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். அட்மின் பாஸ்வேர்டு எந்தக் கதவுக்குப் பூட்டு என்பது தெளிவாக இல்லை.

விண்டோஸை முன்வைத்து விளக்குகிறோம். மேக், லினக்ஸ் கடைசியில் வருகின்றன.

ஒரே பெயரில் இரண்டு

விண்டோஸில் "அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற சொல் இரண்டு வெவ்வேறு சங்கதிகளைக் குறிக்கிறது.

1. உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர். விண்டோஸ் நிறுவப்படும்போதே உருவாகிவிடும் கணக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் உள்ளுக்குள் ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. இந்தக் கணக்கின் எண் எப்போதும் 500 என்று முடியும். பெயரை மாற்றினாலும் அந்த 500 மாறாது.

2. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவில் உறுப்பினராக இருக்கும் எந்தக் கணக்கும். கணினி வாங்கி முதன்முதலில் இயக்கும்போது நீங்கள் பெயர் கொடுத்து உருவாக்குகிறீர்களே, அது இந்த வகை.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஹோம் பதிப்பில் முதல் வகைக் கணக்கு பாஸ்வேர்டே இல்லாமல் வந்தது. வரவேற்புத் திரையில் அது தென்படாது. சேஃப் மோடில் இயக்கினால் எட்டிப் பார்க்கும். தன் கணக்குக்குக் கனமான பாஸ்வேர்டு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் கணினியில் பின்கதவு சும்மா சாத்தியே கிடந்தது. "அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பாஸ்வேர்டு போடு" என்ற பழைய அறிவுரை பிறந்தது அங்கேதான். 2007-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அந்தக் கணக்கு இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. முடங்கிய கணக்கை உயிர்ப்பித்து, அதற்குப் பாஸ்வேர்டு போட்டு, அதையே பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் இன்றும் சுற்றுகின்றன. வேண்டாத வேலை. உறங்குவதை உறங்க விடுங்கள்.

இனி இந்தக் கட்டுரையில் அட்மின் கணக்கு என்றால் இரண்டாவது வகைதான்.

நீங்கள் அட்மின், ஆனால் எப்போதும் இல்லை

விஸ்டாவோடு வந்த இன்னொரு ஏற்பாடு யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல். அட்மின் கணக்கில் நுழைந்ததும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டு தயாரிக்கிறது. ஒன்று முழு அதிகாரம் உள்ளது, மற்றது அதிகாரம் கழித்த சாதாரணச் சீட்டு. பிரவுசர், வேர்டு எல்லாம் சாதாரணச் சீட்டில்தான் ஓடுகின்றன. கணினியின் அடித்தளத்தைத் தொடும் வேலை வரும்போது மட்டும் திரை மங்கி, "ஆம், இல்லை" என்று கேள்வி வருகிறது. "ஆம்" என்றால் முழுச் சீட்டு கைமாறுகிறது.

நீங்கள் அட்மின் கணக்கில் இருந்தால் இந்தப் பெட்டி பாஸ்வேர்டு கேட்பதில்லை. ஒரு கிளிக் போதும். ஸ்டாண்டர்ட் கணக்கில், அதாவது அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்கில் இருந்தால் அதே பெட்டி ஓர் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அட்மின் பாஸ்வேர்டு அன்றாடம் வேலை செய்யும் இடம் இந்தப் பெட்டி ஒன்றுதான். நாள் முழுக்க அட்மின் கணக்கிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பாஸ்வேர்டு கணினியைத் திறக்கும் நேரத்தில் மட்டுமே காவல். திறந்தபின் காவல் ஒரு கிளிக்.

அந்தக் கிளிக்கும் உறுதியான தடுப்பில்லை. அட்மின் கணக்குக்குள் வரும் இந்தக் கேள்வியை மைக்ரோசாஃப்ட்டே பாதுகாப்பு எல்லையாகக் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டியே எழாமல் முழுச் சீட்டைப் பறிக்கும் தந்திரங்கள் பல காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஸ்டாண்டர்ட் கணக்குக்கும் அட்மின் கணக்குக்கும் நடுவே இருப்பதுதான் மதிப்புள்ள எல்லை.

யாரிடமிருந்து எவ்வளவு காப்பு?

1. வீட்டில் அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவர். அவருக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு கொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டால் நல்ல காப்பு. அவரால் டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் நிரல்) மாற்ற முடியாது, வைரஸ் தடுப்பை நிறுத்த முடியாது, உங்கள் கணக்கின் கோப்புகளைத் திறக்க முடியாது. ஆனால் தன் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன. பல பிரவுசர்களும் விளையாட்டுகளும் அந்த ரகம். அவற்றை அட்மின் பாஸ்வேர்டு தடுக்காது.

2. தெரியாமல் ஓடவிட்ட கெட்ட நிரல். ஸ்டாண்டர்ட் கணக்கில் ஓடினால் அது கணினியின் ஆழத்தில் வேர்விட முடியாது, பிறர் கணக்கைத் தொட முடியாது. உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும் தாராளமாகத் தொடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலுக்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. உங்கள் படங்களை உங்களால் அழிக்க முடிந்தால் உங்கள் பெயரில் ஓடும் அதனாலும் முடியும். அதற்கு மருந்து தனியே எடுத்துக் கழற்றி வைத்த பேக்கப்.

3. நெட்வொர்க் வழியாக வருகிறவர். இங்கே ஒரு விநோதம் இருக்கிறது, அடுத்த பகுதியில் பார்ப்போம்.

4. கணினியையே தூக்கிக்கொண்டு போகிறவர். டிஸ்க் என்க்ரிப்ட் செய்யப்படாவிட்டால், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்படாவிட்டால், காப்பு பூஜ்யம். லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவை மாட்டி அதிலிருந்து இயக்கினால் விண்டோஸ் எழவே இல்லை. எழாத விண்டோஸ் எதைக் கேட்கும்? டிஸ்க்கில் உள்ளதெல்லாம் திறந்த அலமாரி. விண்டோஸின் கணக்கு விவரங்கள் இருக்கும் சாம் என்ற கோப்பும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அதில் பாஸ்வேர்டின் பதிவை வெறுமையாக்கிவிடும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 30 எழுத்துப் பாஸ்வேர்டும் 3 எழுத்துப் பாஸ்வேர்டும் அப்போது ஒன்றுதான்.

நான்காவது ஆளைத் தடுப்பது டிஸ்க் என்க்ரிப்ஷன். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் அதன் பெயர் பிட்லாக்கர். ஹோம் பதிப்பில் "டிவைஸ் என்க்ரிப்ஷன்" என்ற எளிய வடிவம், கணினியின் பாகங்கள் இடம்கொடுத்தால். இதில் ஒரு பொறி உண்டு. டிவைஸ் என்க்ரிப்ஷன் முழுதாகச் செயலுக்கு வருவது மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்து, மீட்புச் சாவி அங்கே போய்ச் சேர்ந்தபின்தான். லோக்கல் கணக்கை (இணையக் கணக்கோடு சேராமல் அந்தக் கணினியில் மட்டும் இருப்பது) மட்டும் வைத்திருப்பவரின் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியும், சாவி பூட்டிலேயே தொங்கும் நிலையில் இருக்கலாம்.

காலிப் பாஸ்வேர்டின் விநோதம்

எக்ஸ்பி காலம் முதல் விண்டோஸில் ஒரு விதி இயல்பாக அமலில் இருக்கிறது: பாஸ்வேர்டு இல்லாத லோக்கல் கணக்கு, கணினி முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக அந்தப் பெயரில் வந்தால் கதவு திறக்காது. ஆகவே நெட்வொர்க்கில் வரும் ஆளைப் பொறுத்தவரை "12345" என்ற பாஸ்வேர்டு, பாஸ்வேர்டே இல்லாததைவிட மோசம். காலியாக இருந்தபோது மூடியிருந்த வழியை அது திறந்து, ஊகிக்க ஒரு சுலபமான விடையையும் தருகிறது.

அப்படியானால் காலியாகவே விட்டுவிடலாமா? கூடாது. ஸ்டாண்டர்ட் கணக்கில் இருப்பவரிடம் அந்த அனுமதிப் பெட்டி வரும்போது, காலிப் பாஸ்வேர்டு அட்மினைத் தேர்ந்து எதுவும் தட்டாமல் "ஆம்" அழுத்தினால் வேலை முடிந்தது. மொத்த ஏற்பாடும் அங்கே சரிகிறது.

இதே விதியால் வரும் பக்கவிளைவு ஒன்றும் உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், பாஸ்வேர்டு இல்லாத கணக்கின் பெயரில் ஒரு வேலையை, அந்தக் கணக்கில் யாரும் நுழையாதபோதும் ஓடச் சொன்னால் ஓடாது. பேக்கப் மென்பொருள் "கணக்குக் கட்டுப்பாடு" என்று புரியாத மொழியில் முறையிடும். மறுதலையாக, புதிதாகப் பாஸ்வேர்டு போட்ட மறுநாள் இன்னொரு கணினியிலிருந்து திறந்துகொண்டிருந்த பகிர்வுக் கோப்புறை பெயரும் பாஸ்வேர்டும் கேட்கத் தொடங்கலாம். அட்மின் பாஸ்வேர்டை அங்கே தட்டிச் சேமித்துவிடாதீர்கள். பகிர்வுக்கென்றே ஒரு ஸ்டாண்டர்ட் கணக்கை உருவாக்கி அதைக் கொடுங்கள்.

ஊகிப்பவரைத் தடுக்க இன்னொரு ஏற்பாடும் வந்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

செய்யவேண்டிய ஏற்பாடு, வரிசை தவறாமல்

நாம் பரிந்துரைப்பது இரண்டு கணக்கு: அட்மின் ஒன்று, அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்ட் ஒன்று. ஏற்கெனவே அட்மின் கணக்கில் உங்கள் கோப்புகள் எல்லாம் இருந்தால் அவற்றை நகர்த்த வேண்டியதில்லை. புதிதாக ஓர் அட்மினை உருவாக்கிவிட்டுப் பழையதைப் பதவி இறக்கினால் போதும். வரிசைதான் முக்கியம்.

1. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் "ஆட் அக்கவுன்ட்" அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்ற இணைப்பையும் தேர்ந்தால் லோக்கல் கணக்கு உருவாகும்.

2. பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வரும். பதில் உண்மையாக இருக்கவேண்டும் என்று சட்டமில்லை. பிறந்த ஊரும் முதல் செல்லப்பிராணியின் பெயரும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உண்மையை எழுதினால் பாஸ்வேர்டுக்குப் பக்கத்திலேயே ஒரு திட்டிவாசல் வைத்ததாகிவிடும்.

3. உருவான கணக்கைத் தேர்ந்து "சேஞ்ச் அக்கவுன்ட் டைப்" வழியாக அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

4. சைன் அவுட் செய்து, புதிய அட்மின் கணக்கில் ஒருமுறை நுழையுங்கள். நுழைந்தபின் ஏதேனும் ஒரு நிரலை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்து பாருங்கள். பெட்டி வந்து, ஆம் என்றதும் நிரல் திறந்தால் சரி.

5. அதன்பிறகே, இந்தப் புதிய கணக்கிலிருந்தபடி, பழைய கணக்கை ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள்.

நான்காவது படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். அனுமதிப் பெட்டி எழும். பாஸ்வேர்டு தட்டக் கட்டமே இருக்காது. "ஆம்" பட்டன் சாம்பல் நிறத்தில் அழுத்த முடியாமல் கிடக்கும். செயலில் உள்ள அட்மின் ஒருவர்கூட இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இருக்கும் லோக்கல் கணக்குக்குப் பாஸ்வேர்டு போடவோ மாற்றவோ மட்டும் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ், பாஸ்வேர்டு. அல்லது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி "சேஞ்ச் எ பாஸ்வேர்டு". கட்டளைச் சாளரத்தில் நெட் யூசர் கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் கணக்குப் பெயருக்கு அடுத்து பாஸ்வேர்டையே எழுதிவிடுகிறார்கள். அது திரையில் பட்டவர்த்தனமாகத் தெரியும். அங்கே ஒரு நட்சத்திரக் குறி (*) போட்டால் பாஸ்வேர்டைத் தனியாகக் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் நகராது. கீபோர்டு பழுதில்லை, அது அப்படித்தான்.

பின் (PIN) வேறு, பாஸ்வேர்டு வேறு

மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைபவருக்குப் பாஸ்வேர்டு என்பது இணையத்தில் உள்ள அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுதான். கணினியில் தட்டும் 4 அல்லது 6 இலக்கப் பின் அதன் சுருக்கம் இல்லை. அந்த ஒரு கணினிக்கு மட்டுமான திறவுகோல். உள்ளே இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு அதைக் காக்கிறது. தொடர்ந்து தவறாகத் தட்டினால் காத்திருக்க வைக்கும். பின் திருடு போனாலும் வேறு கணினியில் செல்லாது. 6 இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள்தானே என்று பயப்பட வேண்டாததற்கு இதுவே காரணம்.

தினமும் பின்னையே தட்டிப் பழகியவர் பாஸ்வேர்டை மறந்திருப்பார். விண்டோஸைப் புதிதாக நிறுவும் நாளில்தான் அது தெரியவரும்.

எத்தனை எழுத்து?

விண்டோஸ் லோக்கல் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை. ஹாஷ் என்ற கணிதச் சாற்றாக மாற்றி வைக்கிறது. அந்த முறை பழையது, கணிக்க மிக வேகமானது, ஒரே பாஸ்வேர்டு ஆளுக்கு ஆள் வேறு ஹாஷாக மாறும்படி கலக்கும் "உப்பு" என்ற கூடுதல் எழுத்துகள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஹாஷைக் கைப்பற்றியவர் கிராஃபிக்ஸ் கார்டை வைத்து ஊகிக்கத் தொடங்கலாம். விநாடிக்கு 1,000 கோடி முயற்சி என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. சிறிய ஆங்கில எழுத்துகள் 8: மொத்த வாய்ப்புகள் சுமார் 20,900 கோடி. எல்லாவற்றையும் முயல 21 விநாடி.

2. 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்த 4 சொற்கள்: 4 நாளுக்குச் சற்று மேல்.

3. அதே பட்டியலில் 5 சொற்கள்: சுமார் 90 ஆண்டு.

ஒரே ஒரு சொல் கூடினால் நாள்கள் ஆண்டுகளாகின்றன. ஒரு சின்ன எழுத்தை "@" ஆக்குவதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியே, பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கட்டாயம் கலக்கவேண்டும் என்ற விதியையும் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை மாற்றச் சொல்வதையும் கைவிட்டது. ஹாஷைக் கைப்பற்ற முதலில் டிஸ்க்கோ அட்மின் அதிகாரமோ வேண்டும் என்பதால், என்க்ரிப்ட் ஆன வீட்டுக் கணினிக்கு 4 சொற்களே தாராளம்.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவது நல்ல வழி. பொதுவான ஊகப் பட்டியல்களில் அவை குறைவு. ஆனால் எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "மழை" என்பதில் ழகரத்துக்கு ஓர் எழுத்தா, இரண்டா? ஆறு மாதம் கழித்து உங்கள் விரல் வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லும். தமிழ் எழுத்திலேயே பாஸ்வேர்டு வைப்பதைத் தவிருங்கள். நுழைவுத் திரையில் தமிழ் விசைப்பலகை வராமல் போகலாம். வந்தாலும் சிக்கல் உண்டு: "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு பாஸ்வேர்டு.

மாற்றுவது வேறு, ரீசெட் செய்வது வேறு

அதிகம் பேர் அடிபடும் இடம் இது. பழைய பாஸ்வேர்டைத் தந்து புதியதைப் போடுவது மாற்றம். பழையது தெரியாமல், இன்னோர் அட்மின் கணக்கிலிருந்து புதியதைத் திணிப்பது ரீசெட். வெளியே பார்த்தால் விளைவு ஒன்று போலத் தெரியும்.

பிரவுசர் சேமித்த பாஸ்வேர்டுகள், விண்டோஸின் என்க்ரிப்ட் வசதியால் தனித்தனியே பூட்டிய கோப்புகள் ஆகியவற்றின் சாவி, லோக்கல் கணக்கில், உங்கள் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. மாற்றும்போது விண்டோஸ் பழைய சாவியால் திறந்து புதிய சாவியால் பூட்டுகிறது. ரீசெட் செய்யும்போது பழைய சாவி கையில் இல்லை. உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும். கணக்குக்குள் நுழையலாம், கோப்பின் பெயரைப் பார்க்கலாம், திறக்க முடியாது. ரீசெட் செய்யுமுன் விண்டோஸ் காட்டும் எச்சரிக்கை சம்பிரதாயத்துக்காக இல்லை.

இதைத் தவிர்க்கவே பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க் என்ற வசதி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் யூசர் அக்கவுன்ட்ஸ் பகுதியில், பென் டிரைவ் மாட்டிய நிலையில், லோக்கல் கணக்குக்கு மட்டும் கிடைக்கும். ஒருமுறை செய்தால் போதும். பிற்பாடு எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் அது செல்லும். அந்தப் பென் டிரைவ் கிடைத்தவர் உங்கள் கணக்குக்குள் வந்துவிடலாம் என்பதால் கணினிப் பைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள்.

பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, கணினிக்கு அருகில் இல்லாத ஓர் அலமாரியில் வைப்பதில் வீட்டளவில் தவறேதுமில்லை. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் அதே காகிதத்தில் இருக்கட்டும். கணினி அந்தச் சாவியைக் கேட்கும்போது அது கையில் இல்லையென்றால், மேலே சொன்ன லினக்ஸ் பென் டிரைவ் தந்திரம் எதுவும் உங்களுக்கும் உதவாது. டிஸ்க்கை அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

மேக், லினக்ஸ்

மேக்கிலும் முதல் கணக்கு அட்மின்தான். ரூட் என்ற உச்ச அதிகாரக் கணக்கு முடக்கி வைக்கப்பட்டிருக்கும். முடக்கியது முடங்கியே இருக்கிறதா என்பதும் மென்பொருளின் கையில்தான்: 2017 நவம்பரில் மேக் ஓஎஸ் ஹை சியராவில் பயனர் பெயராக ரூட் என்று தட்டி, பாஸ்வேர்டைக் காலியாக விட்டுத் திரும்பத் திரும்ப அழுத்தினால் உள்ளே விட்டுவிடும் ஓட்டை வெளிப்பட்டது. ஆப்பிள் உடனே அவசரத் திருத்தம் வெளியிட்டது. மேக்கில் டிஸ்க் என்க்ரிப்ஷனின் பெயர் ஃபைல்வால்ட். பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் கீசெயின் பழைய பாஸ்வேர்டையே கேட்டுக்கொண்டிருக்கும். காரணம் மேலே பார்த்ததே.

உபுண்டு போன்ற லினக்ஸில் ரூட்டுக்குப் பாஸ்வேர்டே வைக்கப்படுவதில்லை. முதல் பயனர் சுடோ கட்டளை வழியாகத் தன் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து அட்மின் வேலையைச் செய்கிறார். ஒருமுறை கொடுத்தால் அதே டெர்மினலில் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது, எழுந்து போகும்போது இது நினைவிருக்கட்டும். ரிக்கவரி மோடில் இயக்கினால் பாஸ்வேர்டு கேட்காமலேயே ரூட் அதிகாரம் கிடைக்கும். நிறுவும்போதே டிஸ்க் என்க்ரிப்ஷனைத் தேர்ந்திருந்தால் அந்த இடத்துக்குப் போகுமுன்னரே டிஸ்க்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பின்னர் சேர்ப்பது எளிதில்லை என்பதால், நிறுவும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.